கைமாற்றுக்கும் கிழமைக் கடனுக்கும் நடுவில்

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “வட்டியில்லாக் கடன் என்று சொல்லி நம் மாவட்டத்துக்குப் பலர் வந்தார்கள், போனார்கள். வறுமை குறைந்ததாகத் தெரியவில்லை. இஸ்லாமிய நுண்நிதிக்குச் சரியான சட்டம் இல்லாததுதான் காரணமா? சட்டம் வந்தால் வளருமா? எங்கள் பள்ளிவாசலில் ஐந்து இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து ஏதாவது தொடங்கலாமா?”

பள்ளிவாசல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நுண்நிதி என்றால் ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் கடன். அதையே வட்டியில்லாமல் கொடுக்க முயல்வது இஸ்லாமிய நுண்நிதி. சட்டம் இல்லாதது பாதிக் காரணம் என்றுதான் நினைக்கிறேன். மற்றப் பாதி நம் பக்கம். பத்திரத்தில் ‘வட்டி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே கவனத்தைச் செலவழித்துவிட்டோம். கடலுக்கு இறங்க முடியாத மாதத்தில் தவணை யார் தலையில் விழுகிறது என்று கேட்க மறந்துபோனோம்.

நான் மௌலவி இல்லை, சட்டத்தரணியும் இல்லை. திருகோணமலையில் கடன் கொடுத்து அறவிடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் அலைந்தவன். முதலில் கூட்டுறவில் இருந்தேன், பிறகு ஒரு நிதி நிறுவனத்தின் இஸ்லாமியப் பிரிவில். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை எல்லாம் என் ‘ரூட்’. அதனால் நான் சொல்வதில் கிதாபை விடக் கொப்பிதான் அதிகம் இருக்கும்.

ஒரு சம்பவத்தில் தொடங்குகிறேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நிதி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கிழக்குக்கு வந்துகொண்டிருந்தன. கிண்ணியாவில் ஒரு ராத்தா, அதாவது அக்கா, வலை வாங்க முறாபஹா கேட்டார். கணவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. முறாபஹா என்றால் நிறுவனம் வலையைத் தானே வாங்கி, தன் பொறுப்பில் வைத்து, வாங்கிய விலை இவ்வளவு, என் இலாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி அவருக்குத் தவணைக்கு விற்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அவரையே எங்கள் முகவராக நியமிப்பதாக ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டோம். அவர் வாங்குவார், பற்றுச்சீட்டு கொண்டு வருவார், அப்புறம் நாங்கள் அவருக்கே விற்போம். மூன்றாம் நாள் பற்றுச்சீட்டு வந்தது. கோப்பு சுத்தம்.

இரண்டு மாதம் கழித்துத் தவணைக்குப் போனபோது வலை எங்கே என்று சும்மாதான் கேட்டேன். ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. “வலையா… மூணு லோன்காரனுக்கும் கட்டிட்டேன் தம்பி” என்றார். கடையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் பற்றுச்சீட்டு மட்டும் வாங்கியிருக்கிறார். வலை அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

அந்த வருடம் கொழும்பிலிருந்து, எல்லாம் மார்க்க விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஷரீஆ கணக்காய்வு வந்தது. கோப்புகளைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், போய்விட்டார்கள். அந்தப் பாராட்டில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ராத்தா செய்தது தவறுதான், ஆனால் அப்படிச் செய்ய வசதி செய்து கொடுத்தவர்கள் நாங்கள். மார்க்கப்படி பார்த்தால் அங்கே விற்பனை நடக்கவில்லை. காசு கொடுத்துக் கூடுதல் காசு வாங்கினோம். அதற்குப் பெயர் ரிபா, அதாவது மார்க்கம் தடுத்த வட்டி. பொருளாதாரப்படி பார்த்தாலும் ஒரு புதிய ரூபாய் உழைப்பு அந்த வீட்டுக்கு வரவில்லை. பழைய கடனின் மேல் புதிய கடன் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்கு முறை தெரியாமல் இல்லை. பாஹ்ரைனில் இருந்து இயங்கும், இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான ஆயோஃபி அமைப்பு இதற்கெல்லாம் தரநிலைகள் எழுதி வைத்திருக்கிறது. விற்பதற்கு முன் பொருள் விற்பவரின் உடைமையில் இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை. பண்டத்தைப் பெயருக்கு வாங்கி விற்றுக் கையில் காசு தரும் ஒழுங்கமைத்த தவர்ருக் முறையை 2009இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி கூடாது என்றே சொல்லிவிட்டது. எல்லாம் தெரியும். செய்யாமல் விட்டதற்குக் காரணம் கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு இலட்சம் ரூபாய் வலையை ஒரு இலட்சத்து இருபத்து நான்காயிரத்துக்குப் பன்னிரண்டு மாதத் தவணையில் விற்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 10,333 ரூபாய். கேட்பவருக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் கரைந்துகொண்டே போவதால், வருடம் முழுக்க அவர் கையில் சராசரியாக நிற்பது பாதிக்குச் சற்று மேல்தான். வங்கிக்காரர் கணக்கில், ஆண்டுப் பயனுறு வீதமாகப் பார்த்தால், இது ஏறக்குறைய ஐம்பது வீதம்.

2018 இறுதியில் மத்திய வங்கி தன் மேற்பார்வையில் இருந்த நிறுவனங்களுக்கு, நுண்கடனின் ஆண்டுப் பயனுறு வட்டி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்பை முறாபஹாவுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு இலட்சத்துக்கு வருடத்தில் எடுக்கக்கூடிய இலாபம் சுமார் 17,200 ரூபாய். இருபத்தையாயிரம் ரூபாய்க் கடனுக்கு 4,300 ரூபாய். இப்போது செலவுப் பக்கம் வருவோம். சம்பளம், பெற்றோல், போன், கந்தோர் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு கள உத்தியோகத்தருக்கு மாதம் எண்பதாயிரம் ரூபாய் என்று மிகக் குறைவாகவே வைப்போம். அவர் இருநூறு பேரைப் பார்க்கிறார். ஒரு ஆளுக்கு வருடச் செலவு 4,800 ரூபாய். வருமானம் 4,300. திரும்பி வராத கடன், நிதி திரட்டும் செலவு இரண்டையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதற்கு மேல் அவர் ஒவ்வொரு ஆளோடும் கடைக்குப் போய் வலையையும் தையல் மெசினையும் நிறுவனத்தின் பெயரில் வாங்கி, ஏற்றி இறக்கி, உடைந்ததை மாற்றி, பிறகு விற்க வேண்டும். இருநூறு பேருக்கு இதைச் செய்ய முடியாது. எண்பது பேருக்கு முடியலாம். அப்படியென்றால் ஒரு ஆளுக்கான செலவு பன்னிரண்டாயிரம். ஆகவே நிறுவனத்துக்கு முன் மூன்று வழிதான் இருக்கிறது. ஒன்று, எங்களைப் போல முறையில் கள்ளம் செய்வது. அல்லது இலாபத்தை ஏற்றுவது. அல்லது சிறிய கடன்களை விட்டுவிட்டு ஆட்டோவுக்கும் உழவு இயந்திரத்துக்கும் லீசிங், அதாவது இஜாறா, கொடுக்கப் போவது. இலங்கையில் நடந்தது பெரும்பாலும் மூன்றாவது. குற்றம் சொல்ல மாட்டேன், அதுவும் நேர்மையான வியாபாரம்தான். ஆனால் இடியப்பம் அவித்து விற்கும் விதவை அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இந்த வீதக் கணக்கையே ஏற்க மாட்டார்கள். ‘விற்பனையில் இலாபம் காலத்தோடு ஓடுவதில்லை, விலை ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான், இதை ஏன் வட்டிக் கணக்கில் அளக்கிறாய்’ என்பார்கள். அந்த வேறுபாடு உண்மையானது. நாளுக்கு நாள் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரனிடம் தவணை தவறினால் கடன் குட்டி போடும். ஒழுங்கான முறாபஹாவில் 124,000 என்றால் கடைசிவரை 124,000தான். 2022இல் நாட்டின் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டு வட்டிகள் எகிறியபோது, ஏற்கெனவே விலை பேசி முடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கண்ணால் பார்த்தேன். ஆனால் வாங்குகிற ராத்தாவுக்கு இரண்டு கடைகளையும் ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். மார்க்கத் தீர்ப்பாக இல்லாவிட்டாலும் விலைச்சீட்டாகவாவது அந்த வீதத்தைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தில் 2005இல் வந்த திருத்தம்தான் இலாப நட்டப் பங்கு முறையில் வங்கி நடத்த வழி திறந்தது. அந்த வழியில் 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழு இஸ்லாமிய வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. மற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தனிப் பிரிவுகளைத் திறந்தன. அது வங்கிகளின் கதை. நுண்நிதிக்கென்று 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை. உரிமம் முக்கியமாக மக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் நிறுவனத்துக்குத்தான். வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் வெளியே நிற்க முடிந்தது. ஊரை அழித்ததில் பெரும் பங்கு அந்த வெளியே நின்றவர்களுக்கு. உரிமம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விளைவு என்ன என்று நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்தபோது திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2021இல் பக்கத்து மாவட்டத்தில், ஹிங்குராக்கொடையில், பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2023இல் கடன் மட்டும் கொடுப்பவர்களையும் பிடிக்கும் நோக்கத்தோடு நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் கிராமத்துச் சங்கங்களும் பள்ளிவாசல் நிதிகளும் பெரிய கம்பனியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டால் முதலில் செத்துப் போவது சங்கம்தான் என்ற பயம் பெண்கள் அமைப்புகளுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.

இஸ்லாமிய நுண்நிதிக்கு இதற்கு மேல் தனிச் சிக்கல்கள். ‘வட்டி’ என்று எழுதிய உச்சவரம்பு ‘இலாபம்’ என்று எழுதிய பற்றுச்சீட்டைப் பிடிக்குமா? என்ன பெயர் வைத்தாலும் வாங்குபவர் மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு என்றுதான் சட்டம் கேட்க வேண்டும். இன்னொன்று வரி. முறாபஹாவில் ஒரு பொருள் இரண்டு முறை கைமாறுகிறது. விற்பனைக்கும் கைமாற்றத்துக்கும் வரி போடும் சட்டம் இதைக் கடனாகப் பார்க்காவிட்டால் ஒரே வலைக்கு இரட்டை வரி. பிரித்தானியா 2003இலேயே வீடு வாங்கும் இஸ்லாமிய ஒப்பந்தங்களுக்கு இரட்டை முத்திரை வரியை நீக்கியது. அது மதத்துக்கான சலுகை இல்லை, ஒரே பொருளுக்கு ஒரு வரி என்ற நியாயம்தான்.

கூட்டுறவு இன்னொரு கிளை. பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு கூட்டுறவு மாகாண விடயம். அதாவது மூதூரில் ஒரு வட்டியில்லாக் கூட்டுறவுச் சங்கம் வைத்தால் அதைப் பார்ப்பது கிழக்கு மாகாணத் திணைக்களம், மத்திய வங்கி இல்லை. சமுர்த்தி வங்கி வேறு சட்டம். ஸகாத் என்ற கட்டாயத் தர்மமும் வக்ஃபு என்ற அறச்சொத்தும் பெரும்பாலும் 1956ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல் நிர்வாகங்களின் கையில். ஒரே வீட்டுக்கு நான்கு பேர் கடன் கொடுக்கிறார்கள், நான்கு பேரையும் நான்கு இடத்தில் பார்க்கிறார்கள், நான்கு கொப்பியும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இந்தோனேசியாவிலும் இதே தலைவலி உண்டு. அங்கே பைத்துல் மால் வத்தம்வீல் என்ற சிறு நிதிச் சங்கங்கள் ஆயிரக்கணக்கில். சில கூட்டுறவு அமைச்சின் கீழ், சில 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதிச் சேவை அதிகாரசபையின் கீழ். வளர்ச்சி பெரிது, கண்காணிப்பு சமமில்லை.

அப்புறம், ஒப்பந்தம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்று தீர்ப்புச் சொல்லும் ஷரீஆ சபை. பெரிய வங்கிக்குப் பெயர்பெற்ற ஆலிம்கள் கிடைக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளமும் கட்டுபடியாகும். தோப்பூரில் ஐம்பது பேருக்குக் கடன் கொடுக்கும் சங்கம் என்ன செய்யும்? ஜும்ஆப் பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் கேட்கும். அவர் ஃபிக்ஹ் படித்தவர், ஆனால் தவணை அட்டவணையைப் பார்த்ததில்லை. பக்கத்து ஊரில் வேறு ஃபத்வா. ஒரே ஒப்பந்தம் ஒரு பாலத்தைக் கடந்தால் ஹராமாகிவிடும் நிலை. மத்தியில் ஒரு பொதுச் சபை நாலைந்து மாதிரி ஒப்பந்தங்களை எளிய தமிழில் எழுதி, இதைப் பயன்படுத்தினால் தனிச் சபை தேவையில்லை என்று சொல்லிவிட்டால் சிறிய சங்கங்களின் செலவு பாதியாகும். அரபுப் பெயர்களைக் கொஞ்சம் குறைத்தாலும் நல்லது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அரபுப் பெயரோடு வந்த எந்த நிதியையும் சந்தேகத்தோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு நன்கொடை வந்தால் இன்னும் மோசம். தேவையில்லாத பயம்தான், ஆனால் கணக்கு வெளிப்படையாக இல்லாத இடத்தில் பயம் சீக்கிரம் குடியேறும்.

ஏமாற்று வேலைகளையும் சொல்லாமல் விட முடியாது. என் நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெரியவர், ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசை ‘முழாறபா முதலீடு, மாதம் நிச்சய இலாபம்’ என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்தார். சொன்னவருக்குத் தாடியும் இருந்தது, சான்றிதழும் இருந்தது. எட்டு மாதம் இலாபம் வந்தது, ஒன்பதாம் மாதம் ஆளையே காணோம். முழாறபா என்றால் ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, வரும் இலாபத்தைப் பங்கிடுவது; அதில் நிச்சய இலாபம் என்று ஒன்று இருக்க முடியாது, அந்தச் சொல்லே ஒப்பந்தத்தை முறிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவது குற்றம் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. ஊரில் யாரும் முறையிடவில்லை, வெட்கம்.

உலகளவில் பார்த்தாலும் இந்தத் துறை சின்னதுதான். சிஜிஏபி என்ற ஆய்வமைப்பு 2007இல் கணக்கெடுத்தபோது இஸ்லாமிய நுண்நிதி வாங்கியவர்கள் சுமார் 380,000 பேர். மொத்த நுண்நிதியில் அரை வீதம். பின்னாளில் எண்ணிக்கை கூடியது, ஆனாலும் கொடுக்கும் முறைகளில் முறாபஹாதான் பெரும்பகுதி, அடுத்தது கர்ழ் ஹஸன் என்ற வட்டியில்லாக் கடன். இலாப நட்டத்தைப் பகிரும் முஷாறகாவும் முழாறபாவும் மேடைப் பேச்சில் முதலிடம், கொப்பியில் கடைசி இடம்.

எனக்கு இதுதான் விசித்திரமாகப் படும். பங்கு முறை நம் கரையில் புதிதா? கரைவலை இழுத்தால் தொழிலை நடத்தும் சம்மாட்டிக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, இழுத்த ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பது பாட்டன் காலத்து வழக்கம். மீன் படாத நாளில் எல்லாருக்கும் இல்லை. முஷாறகாவின் உயிர் அதில் இருக்கிறது. நிறுவனத்தால் ஏன் முடியவில்லை என்றால், சம்மாட்டி கரையில் நிற்கிறார், மீனைக் கண்ணால் பார்க்கிறார். நிறுவனம் கந்தோரில் இருக்கிறது. கடலில் எவ்வளவு பட்டது, கரைக்கு வருமுன் எவ்வளவு கைமாறியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே பங்குக் கடன் கொடுக்க வேண்டுமென்றால் கரையிலேயே ஆள் வேண்டும். மீனவர் சங்கத்தின் வழியாகக் கொடுத்து, ஏலத்தில் பிரியும்போதே நிறுவனத்தின் பங்கையும் பிரித்தால் முடியும். ஒரு தடவை சிறிய அளவில் செய்து பார்த்தோம். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வரவே இல்லை, கடல் ஆறிய பிறகு எதிர்பார்த்ததை விட அதிகம் வந்தது. மொத்தத்தில் நட்டமில்லை. ஆனால் தலைமைக் கந்தோர் கேட்ட மாதாந்த அறிக்கையில் எங்கள் கிளை நான்கு மாதம் சிவப்பில் நின்றது. திட்டத்தை மூடச் சொல்லிவிட்டார்கள்.

ஒழுங்குபடுத்துபவர்களுக்கும் இதே நோய் உண்டு. மாதத் தவணை தொடர்ந்து வராவிட்டால் அது செயற்படாக் கடன், அதற்கு ஒதுக்கீடு வை என்பது வங்கி மேற்பார்வையின் பழக்கம். கடலுக்கும் வயலுக்கும் மாதம் என்ற கணக்கு இல்லை, போகம்தான். கந்தளாயில் நெல்லுக்கு ஸலம் ஒப்பந்தம் கொடுத்தால், அதாவது விதைக்கும்போது முழு விலையும் கொடுத்துவிட்டு அறுவடையில் மூடையாக வாங்கினால், நான்கு மாதம் ஒரு சதமும் வராது. கடனாகப் பார்த்தால் அது நோயாளி, கொள்முதலாகப் பார்த்தால் ஆரோக்கியம். விதைப்புக்கு முற்பணம் கொடுத்து அறுவடையில் அடிமாட்டு விலைக்கு நெல்லை அள்ளும் முதலாளிக்கு எதிராக நிற்கக்கூடிய ஒரே ஒப்பந்தம் இது என்பது என் எண்ணம். ஆனால் நிறுவனம் களஞ்சியம் வைத்திருக்க வேண்டும், ஈரப்பதம் பார்க்கத் தெரிய வேண்டும், விற்க ஆள் பிடிக்க வேண்டும். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்தபோது விளைச்சல் விழுந்ததே, அப்படி ஒரு வருடம் வந்தால் ஸலத்தில் விவசாயி கடமையிலிருந்து விடுபட மாட்டார், நெல்லையோ வாங்கிய விலையையோ கொடுக்கத்தான் வேண்டும். அவகாசம் கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில் தகாஃபுல் என்ற இஸ்லாமியக் கூட்டுக் காப்புறுதி இல்லாவிட்டால் எல்லாம் காற்றில் போகும்.

அவகாசம் என்றதும் குர்ஆனின் 2:280 நினைவுக்கு வருகிறது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருங்கள் என்கிறது. மேடையில் எல்லாரும் ஓதும் வசனம். எத்தனை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இது ஒரு விதியாக இருக்கிறது? தாமதக் கட்டணம் வாங்கி ‘தர்மத்துக்குக் கொடுக்கிறோம்’ என்று எழுதியிருப்பார்கள். ஏழையிடம் தண்டம் வாங்கி ஏழைக்குத் தர்மம்! அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நான் சட்டம் எழுதும் இடத்தில் இருந்தால் ஷரீஆச் சான்றிதழை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் கேட்பேன்: போன வருடம் எத்தனை பேருக்கு, கூடுதல் ஒரு ரூபாய் வாங்காமல், தவணை தள்ளிப் போட்டீர்கள்? பொருள் எந்தக் கடையில் வாங்கினீர்கள், யார் ஏற்றி இறக்கினார்? பத்துக் கோப்பை எடுத்து, பத்து வீட்டுக்கும் போய் வலையைக் காட்டச் சொல்வேன்.

மற்ற நாடுகளிடம் கற்க இருக்கிறது, ஆனால் பாதியாகக் கற்றால் ஆபத்து. பாகிஸ்தானின் அகுவத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 2001இல் லாகூரில் அம்ஜத் ஸாகிப் தொடங்கியது. முதல் கடன் பத்தாயிரம் ரூபாய், கர்ழ் ஹஸன். பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வைத்துக் கடனைக் கொடுப்பார்கள். தனிக் கந்தோர் செலவு மிச்சம், நாலு பேர் முன்னிலையில் வாங்கியதால் திருப்பிக் கொடுக்கும் கூச்சமும் உண்டு. 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம்மவர்கள் விட்டுவிடும் பகுதி, அகுவத் பெரிதாக வளர்ந்ததற்கு பஞ்சாப் மாகாண அரசாங்கம் தன் சுயதொழில் நிதியை அதன் வழியாக ஓட விட்டதும் ஒரு முக்கியக் காரணம். நன்கொடையில் மட்டும் அந்த அளவு வளரவில்லை. சூடானில் வேறு மாதிரி. மத்திய வங்கி எல்லா வங்கிகளையும் தங்கள் கடனில் 12 வீதத்தை நுண்நிதிக்கு ஒதுக்கச் சொன்னது. வங்கிகள் பல வருடம் அதை எட்டவே இல்லை. ஏழை வீட்டுக்குப் போகும் ஆள் அவர்களிடம் இல்லை.

ஆகவே சட்டம் வந்தால் வளருமா என்றால், ஏமாற்று குறையும், வளர்ச்சி வேறு விஷயம். வளர்ச்சிக்குக் குறைந்த செலவில் கதவைத் தட்டும் ஆள் வேண்டும், பொறுமையான பணம் வேண்டும். இரண்டும் ஊரில்தான் இருக்கிறது. பள்ளிவாசல், மீனவர் சங்கம், மாதர் சங்கம், கூட்டுறவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூதூரில் நான் கண்ட நல்ல குழுக்களில் பாதி கலப்புக் குழுக்கள். ஒரு குழுவில் தமிழ் அக்கா ஒருவர் “வட்டி இல்ல, குட்டி போடாது, அது போதும் எனக்கு” என்று சேர்ந்தார், ஐந்து வருடம் ஒரு தவணை தவறவில்லை. மாவட்டத்தில் முஸ்லிம்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். மற்றவர்களை வெளியே வைத்துவிட்டு ஒரு துறை இங்கே வளர முடியாது.

இப்போது உங்கள் ஐந்து இலட்சம். தொடங்குங்கள், ஆனால் முதலில் அது எந்தக் காசு என்று பிரியுங்கள். ஸகாத் என்றால் அதைச் சுற்றும் கடன் நிதியாக வைப்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் உரியவரின் கையில் சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். குர்ஆன் 9:60 சொல்லும் எட்டு வகையில் கடனாளிகளும் ஒரு வகை. ஆகவே ஸகாத்தை வைத்து, கிழமைக்குக் கிழமை கட்டும் கடனில் மூழ்கிய நாலு ராத்தாமாரை முழுதாக மீட்டு விடுங்கள். நாளைக்குச் சோற்றுக்கு வழியில்லாதவருக்குக் கடனே கொடுக்காதீர்கள், வட்டியில்லாக் கடனும் கடன்தான். ஸதகாவாக, நன்கொடையாக வந்த பங்கை மட்டும் கர்ழ் ஹஸன் நிதியாக வையுங்கள்.

மொத்தமும் நன்கொடைதான் என்று வைத்தால், இருபது பேருக்கு இருபத்தையாயிரம், பத்து மாதத் தவணை. மாதம் ஐம்பதாயிரம் திரும்பி வரும், இரண்டு புதிய ஆள். வேகம் இவ்வளவுதான், இதற்கு மேல் ஆசைப்பட்டு யாரிடமும் வைப்புப் பணம் வாங்காதீர்கள். வாங்கினால் சட்டம் வேறு. பணவீக்கம் முதலைத் தின்னும், 2022 மாதிரி ஒரு வருடம் வந்தால் ஐந்து இலட்சத்தில் வாங்கும் சாமான் மூன்று இலட்சத்துச் சாமானாகச் சுருங்கிவிடும். கர்ழில் கூட்டி வாங்க முடியாது, ஆகவே ஒவ்வொரு ரமழானிலும் நிதிக்கு மேல் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கொப்பி எழுத, வீட்டுக்குப் போக ஒரு பிள்ளையை வையுங்கள், அவருக்குச் சம்பளத்தை நிதியிலிருந்து எடுக்காமல் தனியாக யாராவது பொறுப்பெடுக்கட்டும். கடன் கேட்டு வருபவரிடம் வேறு யாருக்குக் கிழமைக்குக் கட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள். மூன்று பெயர் வந்தால் அவருக்குத் தேவை வலை இல்லை.

கணக்கு எழுதும் பிள்ளைக்குக் கொப்பி வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்றால் வசதி, பாலம் தாண்டி வர அரை மணிதான்.